ரசமட்டத்தின் வலது கண்

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குமேல் செங்கல்லும் சிமெண்டும்தான் எனக்குப் பாடம். இன்றைக்கு இந்த ஊரில் அண்ணாந்து பார்க்கிற மாதிரி நாலு கட்டடம் இருந்தால் அதில் இரண்டு நான் எழுப்பியது. அதில் ஒரு விரிசல் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் தங்கை புருஷனைப் பற்றி.

அவர் என்னிடம் டைல்ஸ் ஒட்டியவர். வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பேர். தரை சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்போமே, உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற கட்டை, அதுதான் ரசமட்டம். இவர் வந்துவிட்டால் அந்தக் கட்டையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று ஆட்கள் வைத்த பேர் அது.

தங்கைக்கு மாப்பிள்ளை தேடியபோது படித்தவன் வந்தான், கடை வைத்திருப்பவன் வந்தான். நான் இவர் ஒட்டிய ஒரு சமையலறைச் சுவரைப் பார்த்துவிட்டு, இவர்தான் என்று சொல்லிவிட்டேன். கோடு இவ்வளவு நேராக இருக்கிறவனிடம் கோணல் புத்தி இருக்காது என்பது என் எண்ணம். அது தப்பவில்லை. சிகரெட் ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை ஒட்டி முடித்ததும் கன்னம் சுவரில் உரசுகிற மாதிரி சாய்வார். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் ஜாயிண்ட் ஓடுகிற கோட்டைப் பார்ப்பார். தலைமுடி கனம் விலகியிருந்தாலும் டைல்ஸைப் பெயர்த்துவிடுவார். காலமெல்லாம் அந்த இடது கண் வேலைக்கே வந்ததில்லை. அது சும்மா சம்பளம் வாங்குதா மாப்ளே என்று கேலி செய்வேன்.

"அது மேஸ்திரி மச்சான். உங்கள மாதிரி, நிக்கிறதுதான் அதுக்கு வேலை" என்பார்.

அந்த இடது கண் மேஸ்திரி எப்போது செத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வேலை நடந்தபோது, டைல்ஸ் அறுக்கிற மெஷினிலிருந்து தூசி பறந்து அவர் வலது கண்ணில் விழுந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு தண்ணீர் கேட்டார். நான் எதிரே குவளையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் கை காற்றைத் துழாவுகிறது. "மச்சான், உங்க சட்டை தெரியுது, கால் தெரியுது, நடுவுல யாரோ சிமெண்ட்டப் பூசி வெச்சிருக்காங்க" என்றார். விளையாட்டு என்று நினைத்து நானும் சிரித்தேன்.

கண் டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒரு சுவர் மாதிரி இருக்கிறதாம், அதற்கு விழித்திரை என்று பேர். அதன் நட்டநடுவில் இருக்கிற சின்ன இடத்தை வைத்துத்தான் நாம் முகம் பார்க்கிறோம், எழுத்துப் படிக்கிறோம். வயது ஏறும்போது சிலருக்கு அந்த இடம் தேய்ந்துவிடும். இடது கண்ணில் அது முடிந்துபோன கதை. வலது கண்ணிலும் மஞ்சள் மஞ்சளாகப் படிவு இருக்கிறது, ஆனால் பார்வை இன்னும் கெடவில்லை. இனி பார்க்க வேண்டியது அந்த ஒற்றைக் கண்ணைத்தான்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்து வாய் பொத்தி நிற்கிற ஆள் இல்லை நான். இதற்கு என்ன மருந்து, அதைச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், லுடீன் எல்லாம் அளவாகச் சேர்ந்த மாத்திரை ஒன்று உண்டு. சிகரெட் பிடித்தவருக்கு ஆகாத ஒரு சரக்கு சில மாத்திரையில் கலந்திருக்கும், அது இல்லாததாகப் பார்த்து எழுதித் தருகிறேன். கீரை, முட்டை மஞ்சள் கரு, மீன், மக்காச்சோளம் சாப்பிடட்டும். சிகரெட்டை இன்றோடு விடட்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இந்த மாத்திரை விரிசலை அடைக்கிற பூச்சு இல்லைங்க. விரிசல் வேகமா ஓடாம கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அதையும் மீறி வரலாம். வந்தா முதல்ல நேர்க்கோடு வளைஞ்சு தெரியும். அன்னைக்கே ஓடி வந்துடுங்க."

கோடு வளைகிறதா என்று சோதிக்க, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளையும் கொடுத்தார். தினம் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும், என் வீட்டுக் குளியலறையில் சுவர் முழுக்கக் கட்டம்தானே இருக்கு, நானே ஒட்டினது, அதைவிட நேரான கோடு இந்த ஊரில் எவன் போட்டான் என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

மாத்திரையை நானே பெரிய மருந்துக்கடையில் வாங்கிவந்து கொடுத்தேன். டைல்ஸ் துண்டு மாதிரி பெரிசு. ஒரு வேளைகூடத் தவறவில்லை அவர். சிகரெட்டை விட்டார், விட்ட வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. தங்கை மூன்று வேளையும் ஏதாவது ஒரு பச்சையை வேகவைத்துத் தட்டில் கொட்டினாள்.

"நான் என்ன ஆடா?" என்றார் ஒருநாள்.

"ஆட்டுக்குக் கண்ணு தெரியுது. சாப்பிடுங்க" என்றாள் அவள்.

அவர் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடியது. பூசின சுவருக்குத் தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகுவது மாதிரி, மாத்திரையும் கீரையும் போகப் போக கண் இறுகிவிடும் என்று நம்பினார். டாக்டர் சொன்னது இழுத்துப் பிடிக்கும் என்று. இவர் கேட்டுக்கொண்டது கெட்டியாகிவிடும் என்று. இப்போ எழுத்துகூட பளிச்சுன்னு இருக்கு மச்சான் என்று சொல்வார். நம்பிக்கையில் பளிச்சென்றுதான் தெரியும்.

ஒருநாள் காலையில் தங்கை போன் செய்தாள். அண்ணே, இவர் குளியலறைச் சுவரை உடைச்சிட்டிருக்கார், கேட்டா சுவர் இறங்கிடுச்சுங்கறார், நீ வந்து பாரு என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு அடித்தளம் போட்டவன் நான். நான் போட்ட அடித்தளம் இறங்காது.

போனால், அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உளியும் சுத்தியும் கையில். கண் உயரத்தில் மூன்று வரிசை டைல்ஸ் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். பத்துப் பதினைந்து நாளாகவே ஜாயிண்ட் நடுவில் நெளிகிறது, முதலில் லேசாகத்தான் இருந்தது, டைல்ஸ் தூக்குகிறது போல என்று தட்டிப் பார்த்தேன், உள்ளே வெற்றிடம் இருந்தால் வருகிற பொக்குச் சத்தம் இல்லை, அப்படியென்றால் சுவரே இறங்கியிருக்க வேண்டும் என்றார். கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை. மாத்திரை போடுகிறோமே, கண்ணுக்கு என்ன என்பது அவர் எண்ணம். கோடு தப்பினால் உடைத்துவிட்டு மறுபடி ஒட்டு. அதுதானே அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

நான் அவர் பையிலிருந்து நூலை எடுத்தேன். சுவரின் அந்த மூலையில் ஓர் ஆணி, இந்த மூலையில் ஓர் ஆணி. நூலை விண்ணென்று இழுத்துக் கட்டினேன். உடைக்காமல் மிச்சம் இருந்த வரிசையோடு நூல் ஒட்டிக்கொண்டு போனது, ஊசி போகிற இடம்கூட இல்லை.

"பாருங்க மாப்ளே. சுவர் சரியா இருக்கு."

அவர் வழக்கம்போலக் கன்னத்தைச் சுவரில் வைத்தார். இடது கண்ணை மூடினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நூலு சரியா இழுக்கல மச்சான். நடுவுல தொப்பை விழுந்திருக்கு."

நான் நூலை விரலால் சுண்டினேன். தந்தி மாதிரி ரீங்காரம் போட்டது.

"இழுத்துக் கட்டின நூல்ல எப்படி மாப்ளே தொப்பை விழும்?"

அவர் நூலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். உளியைத் தரையில் வைத்தார். வாசலில் நின்ற தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அன்றைக்கே என்று இப்போது சொல்லி என்ன? டாக்டர் சொன்ன அன்றைக்கு, கோடு நெளிந்த முதல் நாளல்லவா. உள்ளே புதுசாக முளைத்த ரத்தக்குழாய் கசிந்து, அந்த நீர் வலது கண்ணின் நடுவில் தேங்கிவிட்டது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஊசி என்றதும் எனக்குத் தலை சுற்றியது, எழுதக் கூசுகிறது, ஆனால் அவர் அசையாமல் படுத்திருந்தார். மாதாமாதம் போட்டார்கள். கசிவு நின்றது. ஆனால் நடுவில் விழுந்த தழும்பு அப்படியே தங்கிவிட்டது.

நான் ஒரு வேளை மாத்திரை தவறவிடவில்லையே அம்மா என்று மட்டும் கேட்டார் அவர். தெரியும் ஐயா, அதால் முடிந்ததை அது செய்தது என்றார் டாக்டர்.

இரண்டு ஊரில் பெரிய பெரிய கண் டாக்டர்களைப் பார்த்தேன். என் பேரைச் சொன்னால் செங்கல் சேம்பர்க்காரனும் சிமெண்ட் கம்பெனிக்காரனும் எழுந்து நிற்பான். அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை. போன பார்வை திரும்பாது என்ற ஒரே பதிலைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஓரமெல்லாம் தெரிகிறது, அதனால் வீட்டுக்குள் இடிக்காமல் நடப்பார். நான் போய் எதிரே உட்கார்ந்தால் எனக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசுவார், அப்படிப் பார்த்தால்தான் ஓரத்தில் கொஞ்சம் தெரியுமாம். "உங்க காது தெரியுது மச்சான். மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாக்குத் துணி" என்றார் ஒருநாள். நல்லதாப் போச்சு, வயசானது தெரியாது என்றேன். சிரிக்கவில்லை.

குளியலறையில் அந்த மூன்று வரிசையும் இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது. நல்ல ஆளை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். போன வாரம் போயிருந்தேன். தங்கை தட்டில் கீரையும் முட்டையும் கொண்டுவந்து வைத்தாள், பக்கத்தில் மாத்திரை. எதற்கு இன்னும் என்று நான் அவளைக் கண்ணால் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"மச்சான், அன்னைக்கு நீங்க கட்டின நூலு, நேராத்தானே இருந்துச்சு?"

"நேராத்தான் இருந்துச்சு மாப்ளே."

"உடைச்ச வரிசையும்?"

"அதுவும்தான்."

தலையை ஆட்டினார்.

"அப்போ, நல்ல வேலையத்தான் உடைச்சிருக்கேன்" என்றார்.

பிறகு கையால் தடவி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குக் கை நீட்டினார். குவளையை அவர் கைக்குள் வைத்தேன்.