இல்லாத பாலையடியில் இறக்கம்

எங்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் பாலையடியில் இறங்க வேண்டும். பாலையடியில் பாலை மரம் இல்லை. கண்டி வீதியை அகலமாக்கியபோது அதை வெட்டி, வேரைத் தோண்டி, குழியை மூடி, மேலே தார்க் காப்பெற் போட்டுவிட்டார்கள். அடிக்கட்டைகூட மிஞ்சவில்லை. இருந்தும் வவுனியாவிலிருந்து வடக்கே வருகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும், கனகராயன்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடத்துநர் "பாலையடி இறக்கம் இருக்கோ?" என்று கேட்பார். அவர் அந்த மரத்தைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். நானும் "ஓம், இருக்கு" என்று எழும்பிப் போய்க் கதவடியில் நிற்பேன்.

அதற்குப் பிறகும் இதே கதைதான். இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினால் நானா கடை. கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார், அந்த இடத்தில் இப்போது ஒரு சலூன் நடக்கிறது. அதற்கு அங்காலே வெள்ளைக் கேற். அது பச்சை. அதையும் தாண்டினால் சென்றி. முன்னொரு காலத்தில் அங்கே காவலரண் இருந்ததாம், இப்போது ஒரு மாடு கட்டியிருக்கிறது. மாட்டுக்குப் பின்னால் தெரிகிற தகரக் கூரைதான் எங்கள் வீடு.

ஒருமுறை பொறுக்க முடியாமல் அம்மாவிடம் கேட்டேன்.

"பாலை நிக்கேக்கை அந்த இடத்துக்கு என்ன பேர்?"

"கந்தோரடி" என்றார்.

"கந்தோர் எங்கை?"

"அரசாங்கக் கந்தோர். அது எப்பவோ இடிஞ்சு போச்சு."

நிற்கிற ஒன்றை வைத்து எங்கள் ஆட்கள் வழி சொல்ல மாட்டார்கள். அது விழ வேண்டும், அல்லது அதை வெட்ட வேண்டும், அல்லது பூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகுதான் அதன் பேர் எல்லோருடைய வாயிலும் வரும். இத்தனை தரம் இடம்பெயர்ந்து இத்தனை தரம் திரும்பி வந்த சனம் வேறெப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்தச் சனம்தான். எனக்கு அது ஞாயமாகப் படவில்லை, எரிச்சலாகத்தான் வருகிறது.

நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் அங்கே ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவேன். எனக்கென்று சில அடையாளங்களை வைத்திருந்தேன், கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள். புளியங்குளம் கழிந்து இரண்டு பக்கமும் காடு வந்தபின், வீதியோரம் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு கறையான் புற்றுகள். அவற்றைக் கண்டால் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் தேடுவேன். பிறகு வத்தகப்பழம் விற்கிற கொட்டில். அதைக் கண்டால் பையை மடியில் எடுத்து வைப்பேன். வீடு கிட்டிவிட்டது என்று வயிறு சொல்லும், அம்மா என்ன கறி வைத்திருப்பார் என்று வாய் ஊறும். ஒரு மாரியோடு புற்று இரண்டும் கரைந்து போயின. கொட்டில்காரர் ஒவ்வொரு போகத்துக்கும் ஒவ்வோர் இடத்தில் கொட்டில் போட்டார். ஒரு தடவை அவரை நம்பி எழும்பி நின்று, இன்னும் எவ்வளவோ தூரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியாடி வந்தேன். எனக்கு வாய்த்த அடையாளங்களும் அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஓமந்தையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஓர் அம்புலன்ஸ் அலறிக்கொண்டு எங்களை முந்திப் போனது. ஆரோ எவரோ, கடவுள் காப்பாற்றட்டும் என்று நினைத்துவிட்டு யன்னலோரம் கண்ணை மூடினேன். புளியங்குளத்தையும் தாண்டிய பிறகு தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, உங்கட அம்மா இந்த நம்பரைத் தந்தவா. அந்தப் பாலை மரம் எங்கை நிக்குது?"

"எந்தப் பாலை மரம்? நீங்கள் ஆர்?"

"அம்புலன்ஸ் றைவர் அக்கா. ஐயாவுக்குப் பாம்பு கடிச்சிருக்கு. பாலை மரத்திலை திரும்பச் சொல்லி அம்மா சொன்னவா. நான் மரத்தைப் பாத்துப் பாத்து வந்தனான், காணேல்லை. இப்ப கனகராயன்குளத்துக்கே வந்திட்டன்."

அப்பாவுக்குப் பாம்பு கடித்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பதற்றத்துக்குள்ளும் அம்மாமேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மனுசன் கடிபட்டுக் கிடக்கிறார், அவருடைய உயிரைக் காப்பாற்ற வருகிறவனைப் போய் வெட்டின மரத்தைத் தேட விட்டிருக்கிறார்.

"தம்பி, பாலை மரம் இல்லை. வெட்டியாச்சு. திரும்பி வாங்கோ. ஒரு மதகு வரும், வெள்ளை அடிச்ச மதகு. அது கழிய வலப்பக்கம் ஒரு கிறவல் ஒழுங்கை."

"எல்லா மதகும் வெள்ளைதானே அக்கா" என்றார் அவர். ஞாயமான கேள்வி. அந்த வீதியில் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் எல்லா மதகுக்கும் வெள்ளைதான் அடித்திருக்கிறார்கள். நான் வேறு ஏதாவது சொல்ல நினைத்து யோசித்தேன். நிற்கிற ஒரு பொருள், ஒரே ஒரு பொருள். ஒன்றும் வாயில் வரவில்லை. அதற்குள் காட்டுப் பக்கம் வந்து தொடர்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப அழுத்தினேன். கடைசியில் அம்மாவின் இலக்கம் கிடைத்தது. பின்னால் லொறி ஒன்று ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டது.

"எங்கை நிக்கிறியள்?"

"றோட்டிலை. அம்புலன்ஸைக் காணேல்லை எண்டு இப்பதான் ஓடி வந்தனான்."

"அப்பாவை ஆரிட்டை விட்டிட்டு றோட்டிலை நிக்கிறியள்?"

"பக்கத்து வீட்டு அண்ணை மடியிலை வைச்சிருக்கிறார். வயல் வரம்பிலை வைச்சுப் புடையன் பாம்பு கொத்திப் போட்டுது. காலை அசைக்க விடாமல் பிடிச்சிருக்கச் சொல்லி அம்புலன்ஸ்காரர் போனிலை சொன்னவை. அவரின்ரை மோட்டச் சைக்கிளும் இண்டைக்கெண்டு கராச்சிலை திருத்தக் கிடக்கு."

"அம்புலன்ஸ் தாண்டிப் போட்டுதாம். ஏன் பாலையடி எண்டு சொன்னனீங்கள்?"

"பாலையடியைப் பாலையடி எண்டு சொல்லாமல் வேறை என்னெண்டு சொல்லுறது?"

"மரம் இல்லையே அம்மா."

"மரத்துக்கு நான் என்ன செய்ய? என்னோடை மல்லுக்கு நிக்காதை பிள்ளை. நான் இஞ்சை நிக்கிறன். என்னைப் பாத்து வரச்சொல்லி அவருக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. புடையன் கடித்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரத்தம் உறையாது, சிறுநீரகம் போகும், நேரம் போகப்போக ஆளும் போகும். அம்புலன்ஸ் றைவருக்கு அழைப்பெடுத்தால் மணி அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டார், சொன்னேன். நடத்துநருக்குச் சொன்னேன். அவர் போய்ச் சாரதியின் காதில் சொன்னார். பஸ் விரைவாகத்தான் போனது, ஆனால் எனக்குப் பஸ் படுத்துக்கிடந்த மாதிரி இருந்தது.

பாலையடிக்குக் கிட்ட வாகனங்கள் வரிசையாக நின்றன. வீதிக்குக் குறுக்கே இலையோடு முறித்த பச்சைக் குழைகள் கிடந்தன. எங்கள் பக்கம் நடுவழியில் ஒரு வாகனம் பழுதாகி நின்றால், முன்னாலும் பின்னாலும் குழை முறித்துப் போடுவார்கள். குழையைக் கண்டால் எவனும் வேகத்தைக் குறைப்பான், தமிழனோ சிங்களவனோ, அது எல்லாச் சாரதிக்கும் தெரிந்த பாஷை. ஆனால் அங்கே பழுதான வாகனம் ஒன்றையும் காணவில்லை. குழைகளுக்கு நடுவில், வீட்டுச் சட்டையோடு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு என் அம்மா நின்றார். கையில் ஆளுயரத்துக்கு ஒரு வேப்பங்கொப்பு இருந்தது. வாசலுக்குப் போனாலும் ஒழுங்காக உடுத்துக்கொண்டு போ என்று என்னை இந்த வயதிலும் பேசுகிறவர் அவர்.

எங்கள் பஸ் சாரதி விஷயம் தெரிந்தும் தலையை வெளியே நீட்டி, "அம்மா, சாகிறதுக்கு உங்களுக்கு இந்த றோட்டே கிடைச்சது?" என்றார்.

"அம்புலன்ஸ் வரட்டும், பேந்து சாகிறன்" என்றார் அம்மா.

நான் இறங்கி ஓடினேன். கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுத ஆசைதான், உண்மையில் நான் அவரைத் தோளில் பிடித்து இழுத்து, "உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன். அவர் கொப்பால் என்னைத் தள்ளிவிட்டார். அந்த நேரம் வடக்கிலிருந்து அம்புலன்ஸ் வந்தது. குழையைக் கண்டு நின்றது. அம்மா போய் அதன் முன்பக்கத்தில் கையால் அடித்தார்.

"இவ்வளவு பெரிய பாலையடி உங்களுக்குத் தெரியேல்லையோ தம்பி?"

"மரம் இல்லையே அம்மா" என்றார் அந்தச் சாரதி, அழாக்குறையாக.

"மரம் இல்லைத்தான். பாலையடி இருக்குத்தானே. இதாலை விடுங்கோ."

அப்பாவின் கால் முழங்காலுக்கு மேலும் வீங்கியிருந்தது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டு அண்ணையின் சாறம் முழுக்க அப்பா வாந்தியெடுத்த சத்தி. வவுனியா ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வாயில் வந்ததெல்லாம் அம்மாவைப் பற்றிய குறைதான், அதை அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். வேறு எதைக் கதைத்தாலும் உடைந்துபோயிருப்பேன்.

அப்பா தப்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார். நாள் பலவாகியும் கால் பழையபடி வரவில்லை. கிளினிக்குக்குப் போய்வருகிறார். பொல்லுப் பிடித்துத்தான் நடக்கிறார், கனநேரம் நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் வவுனியாவில் ஒரு பெயர்ப்பலகை எழுதுவித்தேன். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, ஊரின் பெயர், ஓர் அம்புக்குறி. பக்கத்து வீட்டு அண்ணையும் நானும் கிடங்கு வெட்டிச் சீமெந்து போட்டு நட்டோம். அடுத்த கிழமை வந்து பார்த்தால் அதில் ஆரோ ஆடு கட்டியிருந்தார்கள். அதற்கு அடுத்த கிழமை ரியூசன் விளம்பரம் ஒன்று அம்புக்குறியை மூடியிருந்தது. நடத்துநர்கள் வழக்கம்போலப் பாலையடி என்றுதான் கேட்டார்கள். பலகையை வாசித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் வேகம் குறைகிறபோது பார்த்தால், வீதியோரம் வெள்ளைச் சேட்டோடு அப்பா நிற்கிறார். பொல்லை ஊன்றி, வீங்கின காலை ஒரு கல்லில் தூக்கி வைத்தபடி.

"உந்தக் காலோடை ஏன் வந்தனீங்கள்?" இறங்கின உடனே கேட்டேன்.

"சும்மா நிண்டனான்."

"சும்மா நிக்கிறதுக்கு வீட்டிலை இடமில்லையோ? எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறியள்?"

"அண்டைக்கு அம்புலன்ஸ்காரர் தாண்டிப் போனவரெல்லே. பஸ்காரரும் உன்னைத் தாண்டிக் கொண்டுபோனா நீ இருட்டுக்கை என்ன செய்வாய்?"

"ஒருநாளும் தாண்டிக் கொண்டுபோனதில்லையே அப்பா."

"மரம் இல்லைத்தானே பிள்ளை" என்றார். "அந்த இடத்திலை ஏதாவது ஒண்டு நிக்கவேணும்."

பேசிப் பார்த்தேன். அம்மாவையும் பேசினேன், ஏன் விடுகிறீர்கள் என்று. "நான் சொல்லி அந்த மனுசன் எப்ப கேட்டது?" என்று அவர் என்மேல் பாய்ந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிடுகிறார். ஒவ்வொரு கிழமையும் நான் கத்துகிறேன், அவர் என் பையை வாங்கக் கை நீட்டுகிறார், நான் கொடுக்க மாட்டேன் என்கிறேன், சண்டை பிடித்துக்கொண்டே ஒழுங்கையால் மெல்லமெல்ல நடந்து போகிறோம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். புளியங்குளம் கழிந்தால் இப்போது நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. வெள்ளைச் சேட்டு ஒன்றைத் தேடிக்கொண்டே வருகிறேன். தெரிந்தால் கோபம் வருகிறது. தெரியப் பிந்தினால் நெஞ்சு அடிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் புது நடத்துநர். கலகலப்பான பெடியன், எல்லோரோடும் பகிடி விட்டுக்கொண்டு வந்தார். எங்கள் இடம் கிட்டியதும் கம்பியில் தட்டி, "ஐயாவடி இறக்கம் இருக்கோ?" என்றார்.

நான் எழும்பினேன். "என்ன சொன்னனீங்கள்?"

"ஐயாவடி அக்கா. ஒரு ஐயா பொல்லோடை நிக்கிறவரெல்லே, அந்த இடம். இப்ப எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"பாலையடி எண்டு சொல்லுங்கோ தம்பி."

"அங்கை பாலை இல்லையே அக்கா."

"இல்லாட்டிலும் அப்பிடியே சொல்லுங்கோ."

என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்திருந்தது. முன் இருக்கைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெடியனுக்குத் தான் செய்த பிழை என்னவென்று விளங்கவில்லை. பஸ் வேகம் குறைந்தது. வெளியே அப்பா பொல்லை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு யன்னல்களில் என்னைத் தேடிக்கொண்டு நின்றார்.

"ஐயா நிக்கிறார்தானே அக்கா" என்றார் நடத்துநர். "பேர் சொன்னா என்ன?"

"நிக்கிறபடியாத்தான் சொல்லுறன் தம்பி" என்றேன். "அவரின்ரை பேரை வைக்காதேங்கோ."