செருப்புக்குள் ஒட்டிய பனியன் துணி

கண்ணுகளா, போன மழைக்காலத்தில் ஒருநாள் உங்கள் இருவரின் ஸ்கூல் ஷூக்களும் வாசலில் குப்புறக் கிடந்தன. நாய் இழுத்துப் போட்டுவிட்டது என்று சண்டை போட்டீர்களே, அது நாய் இல்லை. நான்தான். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்குச் சில மாதம் முன்னால், அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் எனக்கு வலது முட்டி வலி ஆரம்பித்தது. அயர்ன் டேபிளில் நாள் பூரா நின்றே செய்யும் வேலை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முட்டியின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது என்றார். மாத்திரை கொடுத்தார், பிசியோதெரபிக்கும் போகச் சொன்னார். நான் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன். நிற்க முடியாத ஆள் என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் என் டேபிளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்ற பயம். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது சிமெண்ட் தரையில் என் ஈரக் காலடியைப் பார்த்தேன். வலது பாதம் நடுவில் வளைவே இல்லாமல் முழுசாகப் பதிந்திருந்தது. செருப்பைத் திருப்பினால் அதுவும் உள்பக்கம் தேய்ந்திருந்தது. முட்டியிலும் உள்பக்கம், செருப்பிலும் உள்பக்கம். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்து பையில் சேர்த்திருந்த வேஸ்ட் பனியன் துணியை மடித்துத் தைத்துச் செருப்பின் உள்ளோரத்தில் ஒட்டி, பாதத்தைத் தூக்கிவிட்டேன்.

உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, செருப்புக்கு மெத்தை போட்டாச்சு. தலகாணி எப்பங்க?" என்றாள்.

"சிரிக்காத. பாரு, ஓடிக் காட்டறேன்."

ஓட முடியவில்லை. வலிதான் கூடியது. ஒரு மத்தியானம் ஸ்டீம் அயர்னோடு திரும்பும்போது முட்டி மடங்கிவிட்டது. டேபிளைப் பிடித்துக்கொண்டேன். அயர்ன் என் பாதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் பாதமே வெந்திருக்கும். கான்ட்ராக்டர் ஓடி வந்தார். "ஊட்டுக்குப் போப்பா. சரி பண்ணிட்டு வா, டேபிள் இருக்கும். இப்படியே வந்தா இருக்காது" என்றார்.

அப்புறம்தான் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே வைத்தியம் பார்க்கும் அம்மணி முட்டியைத் தொடவே இல்லை. வெறுங்காலில் நிற்கச் சொல்லிவிட்டு என் பின்னால் போய்க் குனிந்து பாதத்தைப் பார்த்தது.

"வலி முட்டியிலீங்க."

"தெரியுதுங்ணா. முட்டி எதுமேல நிக்குதுன்னு பாக்கறேன்." பிறகு செருப்பை எடுத்தது. "இது யாருங்ணா தெச்சது?"

"நான்தானுங்க."

"தையல் நல்லாத்தான் இருக்குது. முட்டிக்குத்தான் ஆகலை" என்று சிரித்துவிட்டு விளக்கியது. "உங்க கால் முட்டிகிட்ட வெளியே வளைஞ்சிருக்குதுங்ணா. அந்த வளைவோட பாதம் தரையில பதியோணும்னா உள்ளே சாய்ஞ்சுதான் ஆகோணும். முட்டிக்காகப் பாதம் விட்டுக் குடுத்துட்டிருந்துச்சு. நீங்க பாதத்தைத் தூக்கி விட்டதும் பாரமெல்லாம் முட்டியில தேய்ஞ்ச பக்கமே போகுது. எல்லாருக்கும் இப்படியே இருக்காதுங்ணா. நிக்க வெச்சுப் பாத்துத்தான் சொல்லோணும்."

எனக்குச் சட்டென்று எங்கள் வேலை ஞாபகம் வந்தது. சில பனியனில் சைடு தையல் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும். நாங்கள் இழுத்துப் பிடித்து அயர்ன் போட்டால் நேராகிவிடும், பேக்கிங்குக்குப் போய்விடும். ஒரு தடவை துவைத்தால் மறுபடி திரும்பும். அந்தத் திருகல் நூலின் முறுக்கில் இருக்கிறது, தையலில் இல்லை. இத்தனை வருஷம் இது தெரிந்தும், என் காலுக்கு அயர்ன் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

துணியைப் பிய்த்தேன். அம்மணி சொன்னபடி தொடைக்குப் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, டேபிளுக்கு அடியில் காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு குட்டை ஸ்டூல். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் டேபிள் என்னுடையதாகவே இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் நீங்கள் டியூஷனில் இருந்தீர்கள். வீட்டில் நான் மட்டும். உங்கள் ஷூக்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சின்னவனுடையது உள்பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தது. கை தானாக வேஸ்ட் துணிப் பைக்குப் போனது. ஒன்று சாய்ந்திருந்தால், அது எதைத் தாங்கச் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் நிமிர்த்தக் கூடாது என்பது இன்றைக்கும் எனக்கு முட்டி சொல்லும் பாடம். பையை இறுகக் கட்டிப் பரண்மேல் போட்டேன். ஷூக்களைத் திருப்பி வைக்கத்தான் மறந்துவிட்டேன்.