மதலேனாள் கேட்ட யோசனை

பதினாறு வயசுப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சின்னமனூருக்கு மேற்கே, வேதக்காரத் தெருவில், பிலவேந்திரன் மகள் மதலேனாளுக்கு ஓடைக்குப் போனால் ஒரு புத்தி, உரலடிக்குப் போனால் ஒரு புத்தி. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். நல்ல பிள்ளை என்று பேர்.

மலைமேல் பேரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே சாமான் ஏற்ற வண்டிகள் விட்டிருந்த மரிய ஜோசப்புக்குப் பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள். கைக்குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும். மதலேனாளைப் பார்க்க வந்தவர் அவளை நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், நிறைகுடத்தோடு மேடேறச் சொன்னார். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காததுதான் பாக்கி. பிலவேந்திரனுக்கு மாப்பிள்ளையின் வண்டிகள் பிடித்துப்போயின. அடுத்த முறை சாமியார் வரும்போது குழந்தைக்கு ஞானஸ்நானம், கையோடு கல்யாணத்தைக் கோயிலில் சபைக்கு அறிவிக்கும் ஓலை வாசிக்கவும் ஏற்பாடு என்று பேசி முடித்தார்கள்.

மதலேனாள் மாட்டேன் என்று அழுது பார்த்தாள். அழுகிற பெண்தான் நன்றாகக் குடித்தனம் பண்ணும் என்றார்கள். அழுகையை நிறுத்திவிட்டு யோசனை கேட்க ஆரம்பித்தாள்.

ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி ஞானத்தாயாக நிற்க வேண்டிய மரிய ஜோசப்பின் அக்காவுக்குக் காய்ச்சல். "நான் நின்னா நல்லாருக்குமா அத்தே?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கேட்ட பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. தாலி ஏறுமுன்னே பிள்ளையைத் தாங்குகிறாளே! தாராளமாய் நில்லு என்றார்கள். அப்பனும் அதையே சொன்னார். மரிய ஜோசப் ஒரு சேலையே கொடுத்தனுப்பினார்.

சாமியார் வந்தார். மதலேனாள் குழந்தையை ஏந்தி நின்று இருதயம் என்று பேர் சொன்னாள். பூசை முடிந்ததும் பிலவேந்திரன் ஓலைக்குப் பேர் கொடுக்கப் போனார். எழுதக் குனிந்த சாமியார் நிமிர்ந்துவிட்டார். ஞானத்தாய்க்கும் பிள்ளையின் தகப்பனுக்கும் ஞான உறவு. கல்யாணம் ஆகாது, திருச்சபையில் தடை என்றார்.

தெருவில் அத்தனை பேரும் ஞானோபதேசத்தில் அதை ஒப்பித்தவர்கள்தாம். ராகம் போட்டு ஒப்பித்ததில் அர்த்தத்தைக் கவனித்தவள் ஒருத்திதான்.

பிலவேந்திரன் மகளை முறைத்தார்.

"நீங்கதானய்யா நிக்கச் சொன்னீக. ஊரே சொல்லுச்சு."

ஊர் கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்கு எழுதி விலக்கு வாங்கலாம், ஆனால் பெண்ணும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்றார் சாமியார். அவளைப் பார்த்தார்.

"நான் கேக்க மாட்டேன் சாமி. எனக்குத்தான் இப்பப் பிள்ளை இருக்கானே, மாப்பிள்ளைக்கு என்ன அவசரம்?"

சாமியார் தாடியைத் தடவினார். கொஞ்சம் அதிக நேரமாகவே தடவினார்.

பிள்ளையின் நன்மைக்கு ஞானத்தாய் பொறுப்பு. மதலேனாள் அந்தப் பொறுப்பை விடவில்லை. மரிய ஜோசப் வேறு பெண் பார்க்கப் போன இடமெல்லாம் இருதயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தானும் போனாள். பெண்ணைத் தனியே கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா என்று கேட்டாள். ஆண்டிபட்டிப் பெண் இல்லை என்று தலையசைத்தது. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ஞானத்தாய் பேச்சைத் தட்ட மரிய ஜோசப்புக்குப் பயம்.

தேவதானப்பட்டியில் வியாகுலமேரி என்கிற இளவயது விதவை மட்டும் சிரித்தாள்.

"சம்மதந்தான். மூக்குப்பொடிய விடச் சொல்லு."

மதலேனாள் வெளியே வந்து, மாப்பிள்ளையிடம் பொடிமட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.