வண்டிக்குக் காம்பிரா, நல்லையாவுக்கு இஸ்தோப்பு

நல்லையா அண்ணனுக்கு நடக்கத்தான் முடியாதே தவிர, கால்கள் இரண்டும் இரும்பு. முப்பது வருஷம் றப்பர் மலையில் ஏறி இறங்கிப் பால் வெட்டிய கால்கள். கோளாறு காதுக்குள் இருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, எழுந்து நின்றாலே அவருக்கு உலகம் சுற்றும். சுவரைப் பிடித்தால் நிற்பார், விட்டால் விழுவார். உட்கார்ந்துவிட்டால் ஒன்றுமில்லை, நம்மைப் போலத்தான். ஆஸ்பத்திரியில் ஏதோ நரம்பின் பெயர் சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்தில், "காலையிலேயே போட்டுட்டாரு" என்றார்கள். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர் அவர்.

நான் பக்கத்துக் காம்பிராக்காரி, அடுத்த அறையில் குடியிருக்கிற விஜயகலா. யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. அவர் இருமினால் எங்கள் வீட்டு விளக்கு அணைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதனால் அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

அவருடைய பெண்சாதி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் நிரோஷா, கட்டுநாயக்கவில் ஒரு கார்மெண்டில் தைக்கிறாள். இரண்டு தீபாவளியாக வீட்டுப் பக்கம் வரவில்லை. லீவு இல்லை என்பாள். லீவு கிடைத்தாலும் இந்த ஒழுகுகிற லயத்துக்கு வர அவளுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தோன்றும். அண்ணனிடம் அதை நான் சொன்னதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைவீதியில் கபூர் முதலாளியின் கடைக்குப் போய் அவளுக்குப் போன் எடுப்பார். அவள் தங்கியிருந்த போடிங் வீட்டு அம்மா எடுத்து அவளைக் கூப்பிடுவாள். "சாப்பிட்டியா, மழையா" என்று நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டுவார். கடைவீதிக்குப் போக டிராக்டரிலோ ஓட்டோவிலோ இடம் கிடைக்காத சனிக்கிழமையில் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் சோறு இறங்காது.

2004ஆம் ஆண்டு துரை பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விருந்தாளியாக வந்தார். அவர் கொண்டுவந்த சைக்கிளைப் பார்க்கத் தோட்டமே கூடியது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சாய்வு நாற்காலி மாதிரி ஓர் ஆசனம். அதில் மல்லாந்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். அதிலேயே ஊரெல்லாம் சுற்றிவந்தவருக்குக் கடைசியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுவரைத் தடவிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போன அண்ணனைக் கண்டவர், கூப்பிட்டு அதில் உட்காரவைத்தார். அண்ணன் மிதித்தார், வண்டி போனது. அதிலிருந்து விழ வேண்டும் என்று நினைத்தாலும் விழ முடியாது. பங்களா வளைவைச் சுற்றி வந்தவர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். கிழவர் வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டு நாட்டுக்குப் போனார்.

அதன் பிறகு அண்ணனை யாரும் கெஞ்சவைக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் சவரம் செய்துகொண்டு, படுத்தபடி கடைவீதிக்குப் போவார். "நிதாகெனத யன்னே?" என்று பஸ்காரர்கள் கத்துவார்கள், தூங்கிக்கொண்டேவா போகிறாய் என்று. அண்ணனும் சிங்களத்தில் நன்றாகத் திருப்பிக் கொடுப்பார். வரும்போது ஏற்றம். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு, றப்பர் மரங்களின் உச்சியைப் பார்த்தபடி வருவார்.

எல்லாம் சரி. வண்டியை வைப்பது எங்கே?

காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், பெட்டி, சாமிப்படம், பெண்சாதியின் தையல் மெஷின். இதற்குள் ஆளைவிட நீளமான, கதவைவிட அகலமான வண்டி. முதலில் இஸ்தோப்பில் வைத்தார். முன் வாசலை ஒட்டிய அந்தச் சின்னத் தாழ்வாரம்தான் எங்களுக்கு வரவேற்பறை, விறகுக்கொட்டகை எல்லாம். ஆடு வந்து ஆசனத்து வலையைச் சப்பியது. யாரோ மணியைக் கழற்றினான். அடுத்து டியூபைப் பிடுங்க ஆள் வரும் என்று அண்ணன் பயந்தார். சரிதான், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

கதவுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார். அவர் மேலேயே சாய்ந்தது. என் வீட்டுக்காரர் கயிறு கட்டிக் கூரை மரத்தில் தூக்கிப் பார்த்தார். மரம் மளுக்கென்றது, பதினைந்து வருஷத்துக் கரி சுவர் தாண்டி வந்து என் பருப்புக் கறியில் விழுந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள்.

கோயில் மண்டபத்தில் வைக்கக் கேட்டார். கோயில் தலைவர், "சாமி வாகனத்துக்குப் பக்கத்துல ஒங்க வாகனமா?" என்றார். கடைசியில் என்னிடம் வந்தார். நான் பிள்ளைக்காம்பிராவில் ஆயா. தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தைகள் எல்லாம் என் பொறுப்பு.

"ஒரு மூல குடுத்தா போதும் தங்கச்சி."

"தவழ்ற புள்ள செயினுக்குள்ள வெரல வச்சா யாருண்ணே பதில் சொல்றது? முடியாது" என்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு என் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு, தன் கட்டிலைத் தூக்கி இஸ்தோப்பில் போட்டார். வண்டியைச் சரித்து உள்ளே நுழைத்து, கட்டில் கிடந்த இடத்தில் நிறுத்தினார். கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். வண்டி உள்ளே, ஆள் வெளியே.

இதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் லயங்களில் கட்டில் இஸ்தோப்புக்கு வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். இனித் தேறமாட்டார் என்று தெரிந்தவரை வெளியே எடுத்துக் கிடத்துவோம். காம்பிராவுக்குள் உயிர் போகக்கூடாது. இருப்பது ஒரே காம்பிரா, அதைப் பூட்டிவிட்டுக் குடும்பம் எங்கே போகும்?

"நல்லாருக்கிற மனுசன் இப்பிடிப் படுக்கலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒன்னுமில்லேன்னு எனக்குத் தெரியும். வண்டிக்கு ஒன்னு ஆச்சுன்னா சனிக்கெழம போச்சு" என்றார்.

எங்கள் லயத்துக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? ஐப்பசி மழையில் சாரல் அடித்து அண்ணனுக்குச் சளிக்காய்ச்சல் பிடித்தது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு பகலிலும் கிடந்தார். ஒரு சனிக்கிழமை கடைவீதிக்கும் போகவில்லை. அடுத்த வாரம் கீழ்க்கணக்கு என்கிற தோட்டத்துக் கீழ்ப்பிரிவு ஆள் ஒருவன் எங்கள் லயத்தைத் தாண்டிப் போகும்போது பார்த்திருக்கிறான். நேரே கபூர் முதலாளியிடம் போய், "நல்லையாவ இஸ்தோப்புக்கு எடுத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான்.

கபூர் முதலாளி எங்கள் தோட்டத்துச் சாவுகளுக்கு எத்தனையோ வருஷமாக வெள்ளைத்துணியும் சூடமும் கொடுக்கிறவர். இஸ்தோப்பு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை ஆளையும் காணவில்லை. பாவம், நல்ல மனுஷன், உடனே போடிங் வீட்டுக்குப் போனைப் போட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கீழ் வளைவில் ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் அந்த வளைவிலேயே குரலெடுப்பார்கள். யார் வீட்டுக்கு என்று நான் வெளியே ஓடினேன். வெள்ளைச் சேலை கட்டி, தலைவிரி கோலமாக, "என்னப் பெத்த அப்பா" என்று மார்பில் அடித்துக்கொண்டு நிரோஷா ஏறி வருகிறாள்.

அண்ணன் போர்வையை வீசிவிட்டு எழுந்தார். சுவரைப் பிடிக்க மறந்துபோனார். இரண்டு எட்டு வைத்து, சுழன்று, அவள் மேலேயே விழுந்தார். அவள் அலறிய அலறல் இருக்கிறதே! செத்தவர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தால் யார்தான் அலறமாட்டார்கள்?

பிறகு பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தாள். "ஆளு வெளிய, வண்டி உள்ளயாப்பா? ஒங்களுக்குப் புத்தி இருக்கா?" அப்படி ஒரு ஏச்சு. அவர் காதில் எதுவும் விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் இருந்தாள். அண்ணன் ஆள் பிடித்து வண்டியை இழுத்து மழையில் விட்டு, ஒரு பிளாஸ்டிக் சீட்டைப் போர்த்தி, கட்டிலை அவளுக்காக உள்ளே போட்டார். அவளுக்கு மீன் வாங்கச் சொல்லி என் வீட்டுக்காரரை இரண்டு தடவை கடைவீதிக்கு விரட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேச்சு ஓயவே இல்லை. இந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளும் இரண்டாம் நாள் சிரிக்கத் தொடங்கினாள்.

போகிற அன்று காலை, பையைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் நின்றாள்.

"தீபாவளிக்கு வந்துருவியாம்மா?" என்று அண்ணன் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பிடிப்பா வருவேன்? அப்பாவுக்குச் சீரியஸ்னு சொன்னேன், சிப்மென்ட் முடியட்டும்னு சொல்லிட்டாங்க. அதனால செத்துட்டாருன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். செத்தா மட்டுந்தான் லீவு. நான் வந்து சேர்றதுக்குள்ள எப்பிடியும்…" பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

அண்ணன் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போடிங் அம்மாவோட தங்கச்சிதாம்பா எங்க சூப்பர்வைசர். நீங்க இருக்கிறது தெரிஞ்சா என் வேல போயிரும். இனிமே நீங்க போன் எடுக்காதீங்க. சனிக்கெழமையில முதலாளி கடைக்கு நானே எடுக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ஒரு அறை விட்டிருப்பேன். ஆனால் யாரை அறைவது? அவள் தகப்பனைப் பார்க்கத்தானே அந்தப் பொய்யைச் சொன்னாள்.

இரண்டு சனிக்கிழமை எடுத்தாள். அப்புறம் எடுக்கவில்லை. போடிங் வீட்டுப் போனில் வருகிற அழைப்பைப் பேசலாம், வெளியே எடுக்க அந்த அம்மா விடமாட்டாளாம். சாயங்காலம் கடைக்குப் போய் எடுக்க நேரம் வாய்க்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு வாரமும் போய், கபூர் முதலாளி கடை வாசலில் வண்டியிலேயே சாய்ந்து கிடப்பார். கடை அடைக்கும்போது எழுப்பி அனுப்புவார்கள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை நான் மாவு வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு, முதலாளியிடம் போனைக் கேட்டு வாங்கினார். எண்ணை அழுத்தினார். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி, நிரோஷாவின் தாய்மாமன் பேசுவதாகச் சிங்களத்தில் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா நீளமாக ஏதோ பேசினாள். அண்ணன், "ஆமாம், ஆமாம்" என்றார். "செத்தவருக்குத் தானம் எல்லாம் குடுத்து முடிச்சாச்சு" என்றார். "கஷ்டப்படல, சுகமாத்தான் போனாரு" என்றார். கபூர் முதலாளி தராசைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு நிரோஷா வந்திருக்க வேண்டும். அண்ணனின் முகம் மாறியது. "சாப்பிட்டியா, அங்க மழையா?" என்று கேட்டார். அப்புறம் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகப் போனை வைத்தார்.

நான்தான் கையைப் பிடித்து வண்டிவரை கூட்டிவந்தேன். "பேசினாளாண்ணே?"

"பேசினா. பக்கத்துல அந்தம்மா நிக்கிது போல. 'நல்லாருக்கீங்களா மாமா'ன்னு கேட்டா." ஆசனத்தில் சாய்ந்து, காலை எடுத்து மிதியில் வைத்துக்கொண்டார். "புள்ள இன்னமும் அப்பாவ நெனச்சு அழுவுதாம் தங்கச்சி, அந்தம்மாதான் சொன்னிச்சு."

மாவுப் பையை நான் இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்பா நல்ல எடத்துலதான் இருப்பாரு, அழ வேணாம்னு சொல்லுங்க நோனான்னு அந்தம்மாகிட்டயே சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.