டீசல் என்ஜினுக்கு மேலே ஒரு தகரக் குரல்

எங்கள் விசைப்படகின் கேபினில் சார்ஜ் போடுவதற்கு இருப்பது ஒரே பிளக். எல்லாருடைய போனும் முறைவைத்து ஏறியது போக, பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குத்தான் இடம். கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு வாரம் ஆகும். பிளக் கிடைக்காத பெட்டி மறுநாளே ஊமை. இந்தத் தகராறு வரும்வரை அந்த இடம் என்னுடையதாக இருந்தது. என்னுடையது உள்ளங்கையில் அடங்கும் மெமரி கார்டு பெட்டி. முழுக்கக் கானா. அதில் பாதி நானே பாடிப் பதிவு செய்தது.

அந்த முறை, என்னோடு வலை இழுக்கும் வியாசர்பாடி தோஸ்து, கைக்குழந்தை சைஸில் ஒரு புது ப்ளூடூத் பெட்டியோடு வந்து சேர்ந்தான். காசிமேட்டில் ஐஸ் ஏற்றும்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஆட்கள் சவுண்டைச் சோதிக்கிற விதமே தனி. காலி ஐஸ் பெட்டிக்குள் பாடுகிற ஸ்பீக்கரை இறக்கி மூடிவிட்டு, மூடிமேல் உள்ளங்கையை வைப்பார்கள். கை அதிர்ந்தால் நல்ல பெட்டி. காதைக் கேட்பதே இல்லை.

அவனுடையதை இறக்கியதும் மூடிமேல் கிடந்த பீடிக்கட்டு நகர்ந்தது. என்னுடையதை இறக்கினால், உள்ளே கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

"இன்னா மாமு, உன் பொட்டிக்கு ஜலதோஷமா?" என்றான் தோஸ்து.

"உன்னுது பாட்டா பாடுது? ஏப்பம் வுடுதுடா."

"தோத்துட்டு பேசாத. நைனா, நீயே சொல்லு."

நைனா என்றது படகு டிரைவரை. அவரும் மூடியில் கைவைத்துப் பார்த்தார். "இதான் சோக்கா கீது. பிளக்கு அவனுக்கு."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நேராகப் போய், பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏந்துருடா."

"மாட்டேன் நைனா. நாம இன்னா கரைலயா பாட்டு கேக்கறோம்? என்ஜின் ஓடறப்ப கேட்டுட்டு சொல்லு. அப்பால ஏந்துக்கிறேன்."

திட்டிக்கொண்டே படகை எடுத்தார். துறைமுகம் தாண்டி என்ஜின் வேகம் பிடித்ததும் தோஸ்து தன் பெட்டியைப் போட்டான். என்ஜின் தொம் தொம் என்றது. பெட்டியும் தொம் தொம் என்றது. எது டோலக், எது என்ஜின் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பாடுகிறவன் எங்கேயோ மூழ்கிப்போயிருந்தான். தோஸ்து சவுண்டை ஏற்றினான். தொம் தொம்தான் பெரிதாயிற்று.

நான் உட்கார்ந்த இடத்திலேயே என்னுடையதைப் போட்டேன். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரிக் குரல்தான். ஆனால் என்ஜின் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு படகின் முன்முனை வரைக்கும் போனது. அங்கே கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வரியைக் கூடவே பாடினார்.

டிரைவர் கொஞ்ச நேரம் கேட்டார். "சவுண்டு கலீஜா கீதுடா. ஆனா ஒவ்வொரு வார்த்தயும் கேக்குது. இன்னாது அது, வழுக்கமண்டன்னு இன்னாமோ வருது?"

"உன்னப் பத்திதான் நைனா. நானே கட்னது."

கையில் கிடைத்த துணியை என்மேல் வீசினார். "பேமானி! சரி, அதயே சொருவித் தொல."

தோஸ்து விடவில்லை. "நங்கூரம் போட்டு என்ஜின நிறுத்தட்டும் மாமு, அப்ப தெரியும் யார் பொட்டி கிங்குன்னு."

"தாராளமா போடு, தோஸ்து. அதுவரிக்கும் சார்ஜு நின்னா" என்று சொல்லி, என் ஒயரைச் செருகினேன்.