கரை வெட்டாத புடவை

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம். நூல்கண்டு வாங்கினால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே ஒரு முழம் உருவி, எச்சில் தொட்டு, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டவில்லையென்றால், இந்த ஆள் ஏதோ தந்திரம் செய்திருக்கிறார் என்று தோன்றும். "உன் எதிர்ல கடவுளே வந்து நின்னாலும் கேட் பாஸ் எங்கன்னு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர். அவர் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அவருக்கு அது பழகிப்போன விஷயம். எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம்.

இரண்டாயிரத்துப் பதினாலு, பதினஞ்சு வாக்கில் டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறைதான் என் கம்பெனி. ஒரு மூலையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின். நடுவில் பாய் விரித்து ஒட்டுத்துணிப் போர்வை வேலை. இது தவிர பர்ஸ், பை, தலையணை உறை என்று சில்லறைச் சாமான்களைப் போனில் படம் அனுப்பி விற்றுக்கொண்டிருந்தேன். மூன்றும் ஒன்றுக்கொன்று சக்களத்திகள். போர்வைக்குப் பொறுமையாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மெஷினில் நூல் அறுந்து கீ கீ என்று கத்தும். அதைக் கோத்துவிட்டு நிமிர்ந்தால் போனில் யாராவது, "அக்கா, அந்தப் பை நீலத்துல வேணும், ஆனா ரொம்ப நீலமா இருக்கக் கூடாது" என்பார்கள். காலையில் மூன்றையும் இன்றைக்கு ஒரு கை பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் மூன்றின் மேலும் எரிந்து விழுவேன். அடுப்பில் சோறு குழைந்துபோயிருக்கும்.

அதனால்தான் போர்வைக்குக் கைத்தையல் போட ஓர் அக்காவை வைத்துக்கொண்டேன். காடாம்புலியூரிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுவார். நாலு மணிக்குக் கிளம்புவார். அவர் வீட்டுக்காரரும் மைன்ஸில்தான் வேலை, ஆனால் கான்ட்ராக்ட். அக்கா அதற்கு முன்னால் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தவர். அந்தத் தோட்டின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. முதல் நாளே என் புத்தி வேலை செய்தது. துணியில் கறை ஒட்டிவிடுமென்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்.

"இது கறை இல்லீங்க மேடம். தோலே இப்டி ஆயிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே கழுவினார்.

அவர் போட்ட தையலைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். அரிசி அரிசியாக, ஒரே அளவில், மேல்துணி சுருங்காமல் ஓடியது. எனக்கு ஒரு வாரம் பிடிக்கிற போர்வையை மூன்று நாளில் முடித்தார். நான் மெஷினோடும் போனோடும் மல்லுக்கட்ட நேரம் கிடைத்தது.

போர்வையில் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே ஏதாவது வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வைத்தால் யாரும் போர்த்த மாட்டார்கள். நைந்த பருத்திப் புடவையை மடித்து வைப்பேன். அப்படி வைக்கும் முன் கரைகளை வெட்டிவிடுவேன். கரை தடிப்பாக இருக்கும், ஊசி இறங்காது. உள்ளே புடவை வைக்கிற வேலையை மட்டும் யாரிடமும் விட மாட்டேன். அதை நானேதான் செய்வேன்.

அந்தச் சமயத்தில்தான் டவுன்ஷிப்பிலேயே அடுத்த வட்டத்திலிருந்து, அதாவது அடுத்த பிளாக்கிலிருந்து, ஒரு டீச்சர் வந்தார். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அம்மாவின் ஆறு புடவைகளைக் கொண்டுவந்திருந்தார். வருஷத் திதிக்குள் போர்வையாக்கித் தர வேண்டும். அதில் ஒன்று வெளுத்த நீலம். கரைகூடச் சலவையில் போய், எது உடல் எது கரை என்று தடவினால்தான் தெரியும். "இதைக் கட்டிக்கிட்டுதான் அம்மா கடைசியா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. இதோட முந்தானையை நடுவுல வச்சு, மெஷின்ல அவங்க பேரைப் போட்டுக் குடுங்க. மத்ததை எப்படி வேணா வெட்டிக்குங்க, இது மட்டும் பத்திரம்" என்றார்.

அந்தப் புடவைதான் காணாமல் போனது.

ஒரு வாரம் கழித்து வெட்ட எடுக்கிறேன், ஐந்துதான் இருக்கிறது. பீரோவைக் கவிழ்க்காத குறை. கட்டிலுக்கு அடியில், துணி மூட்டைக்குள், அரிசி டிரம்முக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். பிறகு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கறிவேப்பிலை கேட்டு உள்ளே வரும் பக்கத்து வீட்டம்மா. டீச்சரே ஐந்தைக் கொடுத்துவிட்டு ஆறு என்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் மனசு அக்காவிடம் போய் நின்றது. அந்தப் புடவையை அவர் மடியில் வைத்துத் தடவியது ஞாபகம் வந்தது. "எம்மா மெத்துனு இருக்குதுங்க. எங்க வூட்டு மருமவளுக்கு மாசம் கிட்ட வந்துட்டுது. இந்த மாரி ஒண்ணு இருந்தா கொழந்தைக்கு விரிக்கலாம்" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அக்கா, அந்த வெளுத்த நீலப் பொடவையைப் பாத்தீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

ஊசியை நிறுத்தி யோசித்தார். "அன்னிக்கி ஒரு புள்ளப் போர்வை தச்சனே, பக்கத்துத் தெருவுக்கு. தச்சிக்கினு இருக்கச் சொல்ல ஓரத்துல ஊசி எறங்கவே இல்லீங்க. உள்ளார கரை இருக்குற மாரி இருந்துச்சு. அவசரத்துல அதை வச்சிட்டீங்களோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் கரை வெட்டாம வைப்பனாக்கா? எத்தனை வருஷமா செய்யறேன்."

"இல்லீங்க, தோணுச்சு, சொன்னேன்" என்று மறுபடி தைக்கக் குனிந்துகொண்டார்.

எடுத்ததும் எடுத்து, பழியை என் மேலேயே திருப்புகிறார் பார் என்று மனசுக்குள் கறுவினேன். அன்று சாயங்காலம் அவர் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது வாசலில் போய் நின்றேன். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. பையைக் கொஞ்சம் காட்டுங்க."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பையை அகலமாகத் திறந்து பிடித்தார். கழுவிய டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு. "நல்லா பாத்துக்குங்க. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம். எங்க வூட்டுக்காரரும் தெனம் கேட்ல காட்டிட்டுதான் வர்றாரு" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. குற்றமில்லாதவள் சண்டைக்கு வரமாட்டாளா?

மறுநாளிலிருந்து நான் கேட்கவே வேண்டியதில்லை. நாலு மணிக்குப் பையைத் திறந்துகொண்டு அவரே வந்து நிற்பார். நானும் வெட்கங்கெட்டு எட்டிப் பார்த்தேன். அதோடு விட்டேனா? டீச்சர் போனில் கேட்டபோது, புடவையைக் காணவில்லை என்றதோடு நிற்காமல், "வேலைக்கு வர்ற அம்மா மேலதான் டவுட்டா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும், "அந்தம்மாவப் பாத்தா அப்படித் தெரியல" என்றார். "உங்களுக்கு யாரைப் பாத்தாலும் அப்படித் தெரியாது" என்று அவர் வாயையும் அடைத்தேன்.

இப்படியே ரெண்டு வாரம் போனது. திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்துத் தெருப் பெண் அந்தப் பிள்ளைப் போர்வையைத் திரும்பக் கொண்டுவந்தாள். குழந்தைக்குப் பேர் வைத்தாகிவிட்டது, ஓரத்தில் பேரைப் போட்டுத் தரச் சொன்னாள். மெஷினில் மாட்டி ஓட்டினேன். இரண்டாவது எழுத்தில் ஊசி டக்கென்று ஒடிந்தது. டூப்ளிகேட் ஊசியைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டினேன். இரண்டாவது ஊசியும் ஒடிந்தது. வோல்டேஜைத் திட்டினேன். மூன்றாவதும் அதே இடத்தில் ஒடிந்தபோதுதான் கையால் தடவிப் பார்த்தேன். தடிப்பாக இருந்தது.

ஓரப்பட்டியைப் பிரித்தேன். வெளுத்த நீலம். நாலாக மடித்து இஸ்திரி போட்டபடியே, கரையோடு, அப்படியே இருந்தது.

எப்படி நடந்தது என்று அப்போதுதான் கோவையாக வந்தது. அன்று பிள்ளைப் போர்வைக்கு அடித்துணி விரித்த நேரத்தில் மெஷின் கத்தியது, போனும் அடித்தது. தோளில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் நூல் கோத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்ததை மடிப்புக் கலைக்காமல் வைத்து மூடியிருக்கிறேன். அதன் மேல் அக்கா அரிசித் தையல் போட்டிருக்கிறார். அவர் விரலுக்குத் தெரிந்தது, சொல்லவும் சொன்னார்.

போர்வைக்காரப் பெண்ணிடம் வேறு புடவை வைத்துத் தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தேன். டீச்சர் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். அவர் புடவையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வரிசை வரிசையாக ஊசித் துளைகள். முகத்தில் ஒற்றிக்கொண்டார். அழுது முடித்தபின் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தம்மாவை ஒண்ணும் சொல்லிடலையே நீங்க?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "பொடவை கெடச்சிருச்சுக்கா. நீங்க சொன்ன எடத்துலதான் இருந்துச்சு. நான்தான் வச்சிருக்கேன். நான் பண்ணது பெரிய தப்பு."

"அந்த டீச்சரம்மாகிட்ட குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"சரிங்க" என்றார். கைகழுவிவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தார். நாலு மணிக்குப் பையைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "ஐயோ, வேணாங்கக்கா" என்று பையைப் பிடித்து மூடினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பையே இல்லாமல் வந்தார்.

"பை எங்கக்கா?"

"எதுக்குங்க அது. வெறுங்கைய வீசிக்கினு வந்துட்டு, அப்டியே போறன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"சாப்பாடு?"

"காலைலயே வயிறு முட்ட துன்னுட்டங்க. இனிமே வூட்டுக்குப் போயித்தான்."

அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னிடம் வேலை செய்தார். ஒரு நாளும் பை கொண்டுவரவில்லை. மத்தியானம் தட்டில் சோறு போட்டு அவர் பக்கத்தில் வைப்பேன். "பசிக்கலீங்க" என்று மரியாதையாக நகர்த்தி வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் வாங்கிக் குடிப்பார். கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற எனக்கு, அவர் பசியோடுதான் தைக்கிறார் என்பதில் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.