பெண்கள் ஈடுபடுவதில்லை

நர்ஸக்கா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ராயப்பன்பட்டிக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைப் பிடுங்கி, கட்டங்களுக்கு வெளியே, தாளின் ஓரத்தில் ‘ஓஸ் இழுக்கிறார், கை நடுங்குகிறது’ என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படிவத்தில் கிறுக்கல் இருக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பூச்சிமருந்து தோட்டத் தொழிலாளர்களின் உடம்பை என்ன செய்கிறது என்று கண்டறியும் ஆய்வு அது. நான் அதில் கேள்வி கேட்டு எழுதும் வேலையில் இருந்தேன். தேனி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண் நான். திராட்சையைத் தராசுத் தட்டில் பார்த்திருக்கிறேனே தவிர கொடியில் பார்த்ததில்லை. படித்த பட்டத்தின் மிதப்பில் கால் தரையில் பாவாமல் திரிந்த வயது. எங்களோடு துணைக்கு அனுப்பப்பட்ட கிராம சுகாதார செவிலியர்தான் நர்ஸக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்த வெயிலிலும் குடை பிடிக்க மாட்டார். யார் பேசினாலும் முடிக்கும்வரை காத்திருக்கவும் மாட்டார்.

திராட்சைக்கு மருந்தடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. கணவன் முன்னால் போய்ப் பந்தலை அண்ணாந்து பார்த்து மருந்தைப் பீச்சுவார். மனைவி அவருக்குப் பின்னாலேயே, மருந்து வரும் நீண்ட ஓஸ் குழாய் கல்தூண்களில் சிக்காமல் இழுத்துக் கொடுத்துக்கொண்டே போவார். மேலே அடித்த மருந்து சொட்டுவது அவர் தலையில்தான். டிரம்மில் மருந்தைக் கலக்கிவிடுவதும் அவர்தான், பெரும்பாலும் வெறுங்கையால். ஆனால் எங்கள் படிவத்தில் இருந்த கேள்வி, ‘நீங்கள் மருந்து தெளிப்பீர்களா?’ என்பது மட்டும்.

அன்று என் முன்னால் நின்றவர் நர்ஸக்காவின் நாத்தனார். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “அய்யய்ய, மருந்தடிக்கிறது ஆம்பளைகதான? எங்க வீட்டுல அவுகதான் அடிப்பாக. நான் சும்மா கூட நின்னு ஓஸ இழுத்துக் குடுப்பேன்.”

நாங்கள் பார்த்த எல்லாப் பெண்களும் இதையேதான் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கூட நிற்பதை வேலை என்று அவர்கள் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ‘இல்லை’ என்று பதில் வந்தால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னது படிவம். நான் சந்தோஷமாகப் போனேன், ஒரு படிவம் சீக்கிரம் முடிகிறதே என்று. கண் மங்குகிறதா, தலை சுற்றுகிறதா, கை நடுங்குகிறதா என்ற கேள்விகளெல்லாம் நான் தாண்டிப்போன பக்கங்களில் இருந்தன.

“ஏம்மா, இவ கையில டம்ளர் நிக்க மாட்டேங்குது. அத எங்கன எழுதுவ?” என்றார் நர்ஸக்கா.

“அதுக்குக் கட்டம் இல்லக்கா.”

“கட்டம் இல்லேன்னா கை நடுங்காதா?”

அப்போதுதான் பேனாவைப் பிடுங்கினார்.

ஓரத்தில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இடமில்லை. அறிக்கை தயாரானபோது பெண்களைப் பற்றிய பத்தியை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அட்டவணையில் பெண்களுக்கான வரிசை முழுக்கப் பூஜ்யம். அந்த ஓரத்து எழுத்து மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நன்றாகவே நினைவிருந்தது. அதைச் சொன்னால் மறுபடி எல்லாத் தோட்டங்களுக்கும் போக வேண்டியிருக்கும். தலைமை ஆய்வாளர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சுறுசுறுப்பான பெண் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. ‘பெண்கள் இப்பணியில் ஈடுபடுவதில்லை’ என்று எழுதினேன். வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

ஆய்வு அறிக்கைகளை அரசாங்கம் படிப்பதே இல்லை என்று எங்கள் துறையில் புலம்பாதவர்கள் கிடையாது. எங்களுடையதைப் படித்துத் தொலைத்தார்கள். மருந்து தெளிப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை, குறை தெரிந்தால் சிகிச்சை, உடம்பு தேறும்வரை மருந்து வாடையே படாத வேறு வேலை என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆண்களுக்கு மட்டும். காரணமாக என் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

ரத்தப் பரிசோதனை முகாமில் பெயர் கூப்பிடும் வேலை நர்ஸக்காவுக்கு. நாத்தனார் தன் கணவரோடு வரிசையில் நின்றிருக்கிறார். கணவருக்கு ரத்தம் எடுத்தார்கள். இவர் பெயர் பட்டியலில் இல்லை. நர்ஸக்காவே அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நரம்புத் தளர்ச்சி என்று யாரோ டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அவர் தொடர்ந்து ஓஸ் இழுத்தார். அடுத்த மகசூலுக்கு முன்னால் ஒருநாள் பந்தலுக்குக் கீழேயே விழுந்துவிட்டார். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது.

துக்கம் கேட்கப் போனேன். நர்ஸக்கா அழவில்லை. “நீ படிச்சவ. மேல எழுதிப்போட்டு இத மாத்தும்மா. மிச்சம் இருக்கவளுகளாச்சும் பொழைக்கட்டும்” என்றார்.

எழுதினேன். இப்போது அந்த ஆய்வை நடத்திய நிறுவனத்திலேயே எனக்கென்று தனி அறையும் கதவில் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. அதனால் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும் என்று நம்பினேன். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த வாக்கியம் தவறு, கண்ணால் பார்த்தும் அப்படி எழுதியவள் நான்தான் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் பெயர்ப்பலகை போயிருக்கும், உத்தரவு மாறியிருக்கும். சென்ற மாதம் பதில் வந்தது: ‘பெண்கள் இப்பணியில் ஈடுபடுவதில்லை என்பது ஆய்வில் நிறுவப்பட்டுள்ளதால், கோரிக்கை ஏற்கப்படவில்லை.’

நர்ஸக்காவுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

“ஆய்வுல யாரும்மா அப்படி எழுதுனது?”

“மேல உள்ளவுக யாரோ, அக்கா.”

“அதான பாத்தேன். நீ எழுதியிருந்தா இப்படியா எழுதியிருப்ப? நீ கூட நின்னு பாத்தவளாச்சே.”

“ஆமாக்கா” என்றேன்.